மூலைக்கு ஒதுங்கிய மீன்கள்

“யாரும் ஓடாதீங்க! என் கையில கத்தி இருக்கு!”

சலூன்காரர் கத்தி முடிப்பதற்குள் கடை காலி. ஒருவர் பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு ஓடினார். இன்னொருவருக்குத் தலையில் ஒரு பக்கம்தான் வெட்டியிருந்தது. சலூன்காரரின் மகளைக் கட்டிக்கொள்ளப்போகிற மாப்பிள்ளை மட்டும் கடைசியாக, நிதானமாக எழுந்து வெளியே போனார்.

எல்லாம் நாற்காலியை ஒட்டி இருந்த மீன்தொட்டியால். ஐந்து மீன்களும் ஒரே மூலையில் ஒதுங்கி நின்றன.

போன வாரம் தரை இரண்டு விநாடி அதிர்ந்தது. அலமாரியிலிருந்து ஒரு பவுடர் டப்பா விழுந்தது, அவ்வளவுதான். அதற்குச் சற்று முன்னால் இந்த மீன்கள் மூலைக்கு ஒதுங்கின என்று மறுநாள் ஒரு பேச்சு கிளம்பியது. பார்த்தது யார் என்று கேட்டால் ஆளில்லை. எல்லாருக்கும் அடுத்தவர் சொன்னதுதான். மூன்று வாரமாகத் தண்ணீர் மாற்றாததே அந்த மீன்களுக்குத் தெரியாது. பூமி அதிரப்போவது மட்டும் தெரிந்துவிடுமாம்!

இன்று பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். மீசையோடு வந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவைப் போல, சொன்னால் சொன்னதுதான். மணி பத்தாகிவிட்டது. கத்தியை மூக்குக்குக் கீழே கொண்டுபோன இரண்டு தடவையும் மீன்கள் ஒதுங்கிவிட்டன.

“எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்ல மாமா,” என்றார் மாப்பிள்ளை வாசலில் நின்றபடி. “உங்க பொண்ணை நினைச்சாத்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே அவ தனியாயிடக் கூடாது பாருங்க.”

எவ்வளவு பொறுப்பான பையன்! சலூன்காரர் ஒரு துண்டை எடுத்துத் தொட்டியை மூடினார்.

“இப்பத் தெரியாதுல்ல? வந்து உட்காருங்க மாப்பிள்ளை.”

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏம்ப்பா மூடினே?”

“சும்மாதான்.”

“சும்மா எவனாவது மூடுவானா? நிலைமை அவ்வளவு மோசமா?”

ஐந்தே நிமிடத்தில் தெருவே திரண்டது. எதிர்வீட்டுக்காரர் டிவியைத் தூக்கி வெளியே வைத்தார். மாடிவீட்டு அம்மா தையல் மெஷினோடு இறங்கினார். அந்த அம்மாவின் மாமியார் தானாகவே இறங்கி வந்தார்.

“துண்டை எடுய்யா! எங்க உசுரோட விளையாடுறியா?”

“கடைக்குள்ள ஏறாதீங்க! தொட்டியை வெளியில வைக்கிறேன், ஆசை தீரப் பாருங்க!”

மாப்பிள்ளையே ஒரு பக்கம் பிடித்தார். தொட்டி நடுத்தெருவில் ஒரு ஸ்டூல்மேல் ஏறியது. கூட்டம் சுற்றி வளைத்தது. ஒரு பஸ் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது.

“வெளியில எல்லாரும் மீனைப் பாக்குறாங்க. நாம மட்டும் உள்ள உட்கார்ந்தா எப்படி மாமா?”

சலூன்காரர் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார். “இங்க தலைமேல விழுறதுக்குக் கூரையே இல்ல. உட்காருங்க!”

மாப்பிள்ளை உட்கார்ந்தார். மணி பத்து முப்பத்தைந்து. நுரை தடவியாயிற்று. கத்தி மீசைக்கு அருகே போயிற்று.

“ஒதுங்குது! ஒதுங்குது!” என்று அலறினார் டீக்கடைக்காரர்.

கூட்டம் சிதறியது. யாரோ முதுகில் இடித்தார்கள். கத்தி கைநழுவிச் சாக்கடைக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

“அப்பா, எடுத்தாச்சா?”

“எடுத்துட்டே இருக்கேம்மா.”

“ஒரு மீசைக்கு ஒரு மணி நேரமா? அவருக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லிடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்.”

“ஐயோ, அவரு தங்கம்மா! மீனுதான் விடமாட்டேங்குது!”

அவள் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை முகத்து நுரையைத் துடைத்துக்கொண்டார்.

“நேரமாச்சு மாமா. மீசையோடவே வர்றேன். நீங்க எடுத்துச் சொன்னா அவ கேட்பா.”

வேறு வழி? சலூன்காரர் மகளின் நம்பரைத் தேடினார். அதற்குள் மாப்பிள்ளையை அழைத்துப்போக வந்த அவருடைய அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். தம்பியை ஒரு தடவை பார்த்தார். தொட்டியை ஒரு தடவை பார்த்தார். தம்பி கழுத்தில் கட்டியிருந்த துணியை விலக்கி, அவன் சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

“மாமா, உங்க மீனுக்கு ஒரு மண்ணும் தெரியாது; மீசை போயிடுமேன்னு ராத்திரி பூரா அழுத இவன், காலையில வீட்டுல இருந்த ரொட்டியையெல்லாம் பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்து, நீங்க கத்தியை எடுக்குறப்பல்லாம் அதுங்களுக்கு ஒரு மூலையில பிச்சுப் போட்டிருக்கான்!”