சுவாமி செம்பைப் பார்க்கவில்லை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு நிற்கிற வரிசையை விட நீளமான வரிசை ஒன்று அந்த மாதம் நின்றது. வதனஜோதி சுவாமிகள் கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்து, வருகிறவர் முகத்தைப் பார்த்தே மனசில் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மம்சாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். தளவாய்புரத்திலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். சாதி மதம் பார்க்காத சுவாமி. டோக்கன் மட்டும்தான் பார்ப்பார்.

அவருடைய பெரிய அற்புதம் ஐந்து செம்பு. அவர் கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, பக்தர் ஒருவர் கவிழ்த்த செம்பு ஒன்றின் அடியில் எலுமிச்சம்பழத்தை ஒளிக்க வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்து, ஒளித்தவரை எதிரே நிறுத்தி, செம்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வருவார். பழம் இருக்கிற செம்பில் கை நின்றுவிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். முதுகை நிமிர்த்தி, இமைக்காமல் பார்த்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே டீ குடிக்கிற நேரம் விட்டுப் பேசினால் நம்மூரில் யாரும் ஞானிதான்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் நடத்தும் ஜெயபாண்டி, தன் ஆட்களை வேனில் ஏற்றி வந்தார். குடோனில் நாற்பது பண்டல் காணவில்லை. மில்லில் எட்டு கேமரா உண்டு. ஆனால் கேமராவுக்கு அருள் உண்டா என்ன?

எல்லாரும் வரிசையில் நின்றார்கள். குடோனைப் பார்த்துக்கொள்ளும் முதலாளியின் மைத்துனர் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்தார். "சத்தியவான் முகம்" என்றார் சுவாமி.

அடுத்து ஷிஃபா. பேக்கிங்கில் சேர்ந்து மூன்று மாதம். தலையைக் குனிந்தாள். வியர்த்த கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். சுவாமியின் விரல் நீண்டது. "கண்ணைக் காட்ட மாட்டேங்குது. களவு உள்ள இருக்கு."

"இன்னைக்கோட ஒனக்கு வேலை கிடையாது. நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்" என்றார் ஜெயபாண்டி.

"மொதலாளி, நான் எடுக்கல! பெரியவங்க மொகத்தை நேருக்கு நேர் பாக்கக் கூடாதுன்னுதான் எங்க வீட்ல சொல்லி வளத்தாவ" என்று ஷிஃபா அழுதாள்.

பெண்ணுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே தலையைக் குனி என்பது. குனிந்தால் திருடி என்கிறோம். எழுதும்போதே எனக்கு எரிகிறது.

அவளோடு பேக்கிங்கில் வேலை செய்யும் பரிபூரணம் முன்னால் வந்தாள். காலையில் வரிசையில் நின்றபோது, முன்னால் வந்த பக்தர்களுக்குச் சுவாமி செம்பு அற்புதம் காட்டியதில் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். சுவாமி செம்பைத் தொடுகிறாரே தவிர, பார்ப்பதே இல்லை.

"சாமி, இன்னொரு தடவை செம்பு வெளையாட்டைக் காட்டுங்க. மொதலாளி ஒளிக்கட்டும். நாங்க அம்புட்டுப் பேரும் செவுத்தைப் பாத்து நிக்கோம். ஒளிச்சதும் அவரு வெளிய போயிரட்டும்."

"அப்படிச் செய்தால் ஜோதி வராது."

"ஏன் சாமி, ஜோதி அவரு கூடவே வெளிய போயிருமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்புக்குப் பிறகு மறுக்க முடியுமா? ஜெயபாண்டி ஒளித்துவிட்டு வெளியே போனார். சுவாமி முதல் செம்பைத் தூக்கினார். காலி. "சகுனத் தடை" என்றார். இரண்டாவது காலி. மூன்றாவது, நான்காவதும் காலி. ஐந்தாவதில் பழம் இருக்கும் என்பது அப்போது சுவாமிக்கும் தெரிந்துவிட்டது, மண்டபத்துக்கே தெரிந்துவிட்டது.

"இப்ப நான் பாக்கேன்" என்று பரிபூரணம் தன் கண்ணைக் கட்டிக்கொண்டாள். ஜெயபாண்டி உள்ளே வந்து மறுபடி ஒளித்தார். கட்டை அவிழ்த்து, அவர் முகத்தைப் பார்த்தபடி செம்புகளைத் தொட்டு வந்தாள். இரண்டாவதைத் தூக்கினாள். பழம்!

"ஒனக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?"

"ரெண்டாவதைத் தொட்டதும் எச்சியை முழுங்குனிய மொதலாளி. அம்புட்டுதான் ஜோதி. பயந்தவ மொகத்துல பயந்தான் தெரியும், களவு தெரியாது. கேமராவைப் பாத்தியளா?"

அங்கேயே செல்போனில் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மைத்துனர் நாற்பது பண்டலையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதே நிமிர்ந்த நெஞ்சு, அதே சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தபோது மைத்துனரையும் காணவில்லை, சுவாமியையும் காணவில்லை.

"நாளைக்கு வேலைக்கு வந்துரும்மா" என்றார் ஜெயபாண்டி, தரையைப் பார்த்து.

ஷிஃபா முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "வாரேன். மொதல்ல இத்தனை பேர் முன்னால, நான் களவாணி இல்லைன்னு சொல்லுங்க."

சொன்னார்.

மறுவாரம் அதே மண்டபத்தில் உள்ளங்கால் ரேகை பார்க்கும் ஒருவர் வந்து இறங்கியிருக்கிறார். வரிசை நிற்கிறது. முகம் பார்த்தாயிற்று, கால் பார்க்கப் போகிறீர்கள். முகத்துக்கு மேலே, முடிக்குக் கீழே, உள்ளே ஒன்று இருக்கிறதே, அதை எப்போது ஐயா பயன்படுத்துவீர்கள்?