குழாய்த் தண்ணீர் வைத்தியம்

"மாமா, எஞ்சின் சூடு காட்டுற ஊசி சிவப்புக்குப் போயிடுச்சு."

"போகட்டும். இந்த வெயில்ல எனக்கும்தான் முகம் சிவக்குது" என்றார் தலைமை எழுத்தர், பக்கத்து சீட்டில் சாய்ந்தபடி.

அடுத்த நிமிஷம் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஓட்டிக்கொண்டிருந்த மைத்துனன் தன் காரை ஓரங்கட்டினான். எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தவனுக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. இப்போது பத்தேகால். அவன் பதறிப்போய் இறங்கினான்.

தலைமை எழுத்தர் கலங்கவில்லை. கார் விஷயத்தில் அவர் கரை கண்டவர். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் என்பது ஊரை ஏமாற்றும் கலர்த் தண்ணீர் என்று உபதேசித்து, இரண்டு வருஷமாக மைத்துனனைக் குழாய்த் தண்ணீர் ஊற்ற வைத்த புண்ணியவான் அவர்தான்.

"சூடு ஆறட்டும் மாமா."

"பயந்தாங்கொள்ளி" என்று ரேடியேட்டர் மூடியைத் திருகினார். மூடி பறந்தது. இருவரும் துள்ளி விலகியதில் தோல் தப்பியது. மைத்துனனின் வெள்ளைச் சட்டை தப்பவில்லை. துருத் தண்ணீரில் அது காவியாகிவிட்டது.

"சாமியார் வேலைக்கா மாமா போறேன்?"

"துடைச்சா போயிடும்" என்று சொல்லிக்கொண்டே, கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினார். உள்ளே 'டிக்' என்று ஏதோ விரிசல் விட்டது. கொட்டியதெல்லாம் கீழே ஒழுகியது. ரேடியேட்டரில் ஊசிமுனை ஓட்டை. ஆழம் பார்க்கச் சாவியால் குத்தினார். துரு தின்ற தகடு அப்பளமாய் நொறுங்கி, விரலே உள்ளே போனது.

பெட்டிக்கடையில் சோப்பு வாங்கி அடைத்தார். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் கார் நுரை தள்ளியது.

மைத்துனன் தங்கள் தெருமுனை மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை என்பது தலைமை எழுத்தரின் பெருமை.

வந்தவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கூலன்ட் சூட்டுக்கு மட்டுமில்ல தம்பி, துரு பிடிக்காம இருக்கவும்தான். வெறும் தண்ணி உள்ளயே அரிச்சுடுச்சு. நீங்க என் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. என் சட்டையையும் போட்டுக்குங்க, காலையில போட்ட சலவைச் சட்டைதான்."

தலைமை எழுத்தருக்குச் சுருக்கென்றது. "சும்மா பயமுறுத்தாதய்யா. என் வண்டி பத்து வருஷமா குழாய்த் தண்ணியிலதான் ஓடுது. ஒரு பொட்டுத் துரு காட்டு பார்க்கலாம்."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் நின்றார்.

"எப்படி சார் இருக்கும்? வருஷா வருஷம் உங்க வீட்டம்மா வண்டியைக் கொண்டுவந்து, நீங்க ஊத்தின தண்ணியைக் கொட்டிட்டு, உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லி கூலன்ட் ஊத்திக்கிட்டுப் போறாங்களே."