முதல் மீன் மாட்டும்வரை பேச்சில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுத் தையல்காரர் எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். நீங்களும் மகளும் முழுசாகவே நலமாக இருக்க வேண்டும். படகை விற்றுவிட்டு உங்களோடு வந்து இருக்கச் சொல்லி ஆறு வருஷமாகக் கேட்கிறீர்கள். சரி, விற்றுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆளோடு வந்து எடுத்துப் போங்கள்.

என்னோடு ஏரிக்கு வருகிற முடிவெட்டுகிறவனை உங்களுக்குத் தெரியும், ரேடியோ என்று கூப்பிடுவோமே, அவன்தான். குளிர்காலத்தில் மீன் அடியில் போய் முடங்கிவிடும், இரையைக் கடிக்காது, மருந்து குடிக்கிற நோயாளி மாதிரி உதட்டில் வைத்துப் பார்க்கும், தக்கை அசைவதே தெரியாது, இதில் இவன் வாய் வேறு ஓயாது. அதனால் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை, முதல் மீன் மாட்டும்வரை படகில் யாரும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். அவன் ஒருநாளும் மதித்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை விடிகாலை, பனிமூட்டத்தில் என் கையே எனக்குத் தெரியவில்லை, படகுக்குப் போனால் ஆள் எனக்கு முன்னாலேயே வந்து முன்பலகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். வாயே திறக்கவில்லை. புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். புதன், வியாழன், வெள்ளி, மீனும் இல்லை, பேச்சும் இல்லை. சனிக்கிழமை கையை நீட்டி நாணல் ஓரத்தைக் காட்டினான், தூண்டிலை அங்கே போட்டேன், முழங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை. "இனிமே பேசலாம்டா" என்றேன். தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினான். கரையில் கயிற்றைக் கட்டிவிட்டுத் திரும்பினால் ஆளில்லை. படகெல்லாம் பனி ஈரம், அவன் உட்கார்ந்த இடம் மட்டும் ஓர் ஆள் அளவுக்குக் காய்ந்து கிடந்தது.

பாதி மீனைக் கொடுக்க அவன் வீட்டுக்குப் போனேன். காலில் கட்டோடு கட்டிலில் கிடக்கிறான். "திங்கக்கிழமை மாடிப்படில விழுந்தேன், அஞ்சு நாளா எட்டிப் பாத்தியாய்யா நீ? எவன் கூடப் போயிட்டு வர்றே?" என்று ஆரம்பித்தவன் முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை. இதைச் சொல்லும்போது தையல்காரர் பட்டப்பகலில் எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வந்தார்.

ஆகவே படகும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில் போதும். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க என் ஆசீர்வாதம்.

பின்குறிப்பு: தையல்காரர் தபாலில் போட மறந்ததில் ஒரு வாரம் போய்விட்டது. நீங்கள் வர வேண்டாம், படகை விற்பதாக இல்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன், இந்த வாரம் மட்டும் பதினொரு கெண்டை, இவ்வளவு நிம்மதியாக நான் மீன் பிடித்ததே இல்லை. ரேடியோவுக்குக் கால் சரியாகி நாளை வருகிறானாம். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.