உம்மு ரீஷ் ஏரியை மீட்ட மதியச் சாப்பாடுகள்

"பாபா, நீங்க போகலேன்னா பறவைங்க வருமா?"

உலகத்தின் மகத்தான விஞ்ஞானங்கள் எல்லாம் ஒரு கேள்வியிலிருந்துதான் பிறந்திருக்கின்றன. உம்மு ரீஷ் உப்பேரியையும் அதைச் சூழ்ந்த புல்வெளியையும் வனவிலங்குகளுக்காக மீட்டெடுத்த மாபெரும் விஞ்ஞானமும் அவ்வாறே பிறந்தது. கேள்வி கேட்டவளுக்கு அப்போது முன்பற்கள் விழுந்திருந்தன. பதில் சொல்ல வேண்டியவர் கண்ணாடி முன் நின்று டையோடு போராடிக்கொண்டிருந்தார்.

கேட்டவள் நுஸைபா. போராடியவர் அவளுடைய அப்பா ஜெல்லூல், "உம்மு ரீஷ் உப்பேரி மற்றும் சூழ்புல்வெளி மீட்பு உயர்நிலைக் குழு"வின் செயலாளர்.

"நாங்க போனாத்தாம்மா வரும். அதுக்குத்தானே குழு போட்டிருக்கு?"

"முன்னாடியெல்லாம் நிறைய வந்துச்சுன்னு சொன்னீங்களே. அப்பவும் குழு இருந்துச்சா?"

"பாலைக் குடி, ஆறிடப் போகுது" என்றார் ஜெல்லூல். நிர்வாக அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் இப்படிச் சட்டென்று பதில் வரும்.

அல்ஜீரிய மேட்டுச் சமவெளியில் உம்மு ரீஷ் ஒரு காலத்தில் பூநாரைகளால் சிவந்து கிடந்த ஏரி. பிறகு நடுவே ஒரு சாலை போட்டார்கள். சாலைக்கரை குளிர்கால வெள்ளத்தை மறித்தது. ஏரி காய்ந்து உப்புத்தூளாகப் பறந்தது. சுற்றியிருந்த அல்ஃபா புல்லையும் ஷீஹ் செடியையும் ஆடுகள் வேர்வரை கடித்துத் தீர்த்தன. பறவைகள் வருவதை நிறுத்திக்கொண்டன. நோய்க்கு மருந்து சுலபம்: சாலைக்கு அடியில் குழாய் பதிக்க வேண்டும், புல்லுக்குக் கொஞ்ச காலம் ஓய்வு தர வேண்டும். இவ்வளவு சுலபமான காரியத்தைக் குழு இல்லாமல் செய்துவிட்டால் நாட்டின் கௌரவம் என்னாவது? ஆகவே குழு அமைக்கப்பட்டது. தலைவர் ஸி மொக்தார் ("ஸி" என்றால் அந்த ஊர் "ஐயா"). பறவை நிபுணர் டாக்டர் வஸீலா. மற்றவர்கள் "சிறப்பு அழைப்பாளர்கள்", அதாவது தலைவரின் மைத்துனர்கள்.

குழு களத்தில் இறங்கியது. களத்துக்கு மிக அருகில் இருந்த ஒரே வீடு மெஸ்ஊதாவுடையது. கணவர் காலமான பிறகு மந்தையைத் தானே மேய்த்துக் குடும்பம் நடத்துபவள். நாக்கு கொஞ்சம் கூர்மை. கை அதைவிடத் தாராளம்.

அந்தச் சமவெளியில் வாசலுக்கு வந்தவர் விருந்தாளி. மதிப்பான விருந்தாளி என்றால் ஆடு அறுக்க வேண்டும். இதில் விவாதம் கிடையாது. வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு அவமானம். காசை நீட்டினால் அதைவிட அவமானம். பதிலுக்கு ஏதாவது கொண்டுவந்து கொடுத்தாலோ, "எங்க சாப்பாட்டுக்கு விலை போடுறியா?" என்று தலைமுறைப் பகையே மூண்டுவிடும்.

"வாங்க, வாங்க" என்றாள் மெஸ்ஊதா, ஐந்து வண்டிகளையும் பார்த்து. "என்ன விசேஷம், ஸி ஜெல்லூல்?"

"ஆய்வுதான்க்கா. இந்தப் பக்கம் ஆடுங்க அளவுக்கு மீறி மேயுதான்னு பார்க்க வந்திருக்கோம்."

மெஸ்ஊதா தன் மந்தையைப் பார்த்தாள். பிறகு ஸி மொக்தாரின் வயிற்றைப் பார்த்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள குறைஞ்சிரும்" என்றாள்.

குறைந்தது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் ஜெல்லூல் எழுதினார்: "களஆய்வின் நேரடி விளைவாக மேய்ச்சல் அழுத்தம் ஓர் அலகு குறைக்கப்பட்டது." ஓர் அலகு என்பது கொழுப்பு வழிய, முழுசாக, தணலில் வாட்டிய மெஷ்வி.

இந்த வெற்றி குழுவுக்குப் பெரும் உற்சாகம் அளித்தது. ஆய்வுகள் தொடர்ந்தன. உவர்ப்பு ஆய்வு, காற்று ஆய்வு, முந்தைய ஆய்வை மீளாய்வு செய்யும் ஆய்வு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலகு. தலைநகரிலிருந்து வந்த விருந்தினர்களுக்கு ஓர் அலகு போதவில்லை. ஜெல்லூலுக்கு எப்போதும் சிறுநீரகத்தை ஒட்டிய மென்கறி. செயலாளர் என்பதால் மெஸ்ஊதா தன் கையாலேயே பிய்த்து அவர் பக்கம் தள்ளுவாள். அவரும் "பிஸ்மில்லாஹ்" சொல்லித்தான் சாப்பிட்டார். பக்தியில் குறை வைக்கவில்லை.

புல் உண்மையாகவே வளரத் தொடங்கியது. தின்ன ஆடு இல்லை அல்லவா?

"பாத்தீங்களா!" என்று எலும்பை உறிஞ்சியபடி சொன்னார் ஸி மொக்தார். "நம்ம பல் பட்ட இடமெல்லாம் பச்சை!"

குழாய் பதிக்கும் வேலையையும் கூலியாட்கள் ஒருநாள் முடித்துவிட்டார்கள். குழு அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் யாராலும் தடுக்க முடியவில்லை.

இந்த முன்னேற்றத்தால் பாதிக்கப்பட்ட ஒரே ஜீவன் மெஸ்ஊதாவின் நாய் நிம்ர். மந்தை கரைந்துபோக, மேய்க்க ஒன்றும் இல்லாமல் அது மனம் ஒடிந்து கிடந்தது. பிறகு ஒருநாள் ஒரு முடிவுக்கு வந்து குழுவையே மேய்க்கத் தொடங்கியது. சிதறி நின்ற சிறப்பு அழைப்பாளர்களைச் சுற்றிச் சுற்றி ஓடிக் குரைத்து ஒன்று சேர்த்தது. பின்தங்கிய தலைவரின் கணுக்காலை மெல்லக் கவ்வியது. எல்லோரையும் பட்டிக்குள் தள்ளி வாசலில் படுத்துக்கொண்டது. உயர்நிலைக் குழு உறுப்பினர்கள் அனைவரும் ஒரே திசையில் நகர்ந்தது அதுவே முதல் முறை.

"அக்கா, நாயைக் கூப்பிடுங்க!" என்று பட்டிக்குள்ளிருந்து கத்தினார் டாக்டர் வஸீலா.

"அது பழக்க தோஷம், டாக்டரம்மா" என்றாள் மெஸ்ஊதா. "பட்டி காலியா கிடந்தா அதுக்குத் தூக்கம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெல்லூலும் சிரித்தார். சிரித்தபடி பட்டியைச் சுற்றிப் பார்த்தவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே குழுவைத் தவிர ஒரே ஓர் ஆடு நின்றது. மஞ்சள் மூக்கும் பெருத்த வயிறுமாக, ஒரு சினையாடு.

குளிர்காலம் வந்தது. மழை பெய்தது. குழாய் வழியே வெள்ளம் பாய்ந்து உப்பேரி நிறைந்தது. ஒரு காலை பூநாரைகள் இறங்கின. செய்தி கேட்ட குழு ஐந்து வண்டிகளில் ஹாரன் அடித்துக்கொண்டு பார்க்கப் போனது. பூநாரைகள் பறந்தன. மறுமுறை இறங்கின. குழு மறுமுறையும் போனது. "பறவைகள் கூட்டத்துக்கு வருகை தரவில்லை" என்று குறிப்பில் பதிவாயிற்று.

"இதுக்கு ஒரே வழி பெரிய விழா" என்றார் ஸி மொக்தார். "குதிரைக்காரங்க வரிசையா பாஞ்சு வந்து ஒரே நேரத்துல துப்பாக்கி மருந்தை வெடிக்கணும். நம்ம ஊர்ல மாப்பிள்ளைக்கே அதுதான் மரியாதை. பறவைக்குக் குறைக்கலாமா?"

"வெடிச் சத்தத்துல பறந்துடாதா?" என்றார் டாக்டர் வஸீலா, லேசாக.

"பறக்கட்டுமே! பறந்தாத்தானே போட்டோ நல்லா வரும்?"

விழாச் சாப்பாடு வழக்கம்போல் மெஸ்ஊதா வீட்டில். அதைச் சொல்ல ஜெல்லூலை அனுப்பினார்கள்.

மெஸ்ஊதா வாசலில் ஆட்டுமயிர் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். "எத்தனை பேரு?" என்றாள்.

"அறுபது இருக்கும்க்கா. அமைச்சகத்துல இருந்தும் வர்றாங்க."

அவள் கை நின்றது. "மஞ்சமூக்கியை அறுத்தாலும் காணாது. வயித்துல இருக்கறதையும் சேர்த்துக்கிட்டாலும் காணாது." பிறகு மறுபடி சிக்கெடுக்கத் தொடங்கினாள். "சரி, அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கிக்கிறேன். நீங்க வாங்க."

"முடியாதுன்னு சொல்லிடுங்கக்கா."

"சொல்லலாம் தம்பி. சொல்லிட்டு, எங்க வீட்டுக்காரரோட கபருக்கு எந்த மூஞ்சியோட போறது? அவரு ஒரு ஆளைப் பசியோட அனுப்புனதில்ல."

அவள் அவரை "ஸி ஜெல்லூல்" என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். "தம்பி" என்றது அன்றுதான். திரும்பும் வழியெல்லாம் அவருக்குப் பல்லிடுக்கில் ஏதோ உறுத்தியது. எந்த ஆய்வின் எலும்பு என்று தெரியவில்லை. ஊருக்குள் நுழையும்போதுதான் மகள் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, மிகுந்த மரியாதையோடு ஒரு பொய்யை மேசைமேல் வைத்தார்.

"தலைவர் அவர்களே, வெளிநாட்டு ஏரிகள்ல இப்ப ஒரு புது முறை. 'குழு அற்ற நிலையில் பறவை நடத்தை ஆய்வு'."

"அப்படின்னா?"

"நாம போகக்கூடாது."

அறை அதிர்ந்தது.

"நாம போகாம இருந்தா," என்றார் ஸி மொக்தார், "நாம போகாததை யாரு போய்ப் பார்க்கறது?"

"தொலைதூரக் கண்காணிப்புங்க. நகரத்து விருந்தினர் மாளிகையில இருந்து. மெத்தை நாற்காலி, வெதுவெதுன்னு அறை. விழாவும் அங்கேயே. குதிரைக்காரங்களும் அங்கேயே வெடிச்சுக்கட்டும்."

"மதியத்துக்கு?"

"மாளிகைச் சமையல்காரரோட மெஷ்வி. முந்திரி போட்ட குஸ்குஸ்."

ஸி மொக்தார் கண்களை மூடினார். நாட்டின் எதிர்காலம் அவர் முகத்தில் ஓடியது.

"விஞ்ஞானத்துக்காக எவ்வளவோ தியாகம் பண்ணியாச்சு. இதையும் பண்ணிடுவோம்."

அவ்வாறே அந்த வசந்தம் முழுவதும் உயர்நிலைக் குழு உம்மு ரீஷில் கால் வைக்காமல் அரும்பாடுபட்டது. புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. ஷீஹ் வாசனை சாலைவரை வந்தது. புதர்களுக்குள் ஹுபாரா என்னும் கானமயில் முட்டையிட்டது. பூநாரைகள் இறங்கின, பறக்கவில்லை. உப்புச் சேற்றில் கூடு கட்டிச் சாம்பல் நிறக் குஞ்சு பொரித்தன. மஞ்சமூக்கி இரட்டைக் குட்டி போட்டாள்.

குழுவுக்குப் பதக்கம் கிடைத்தது. மாளிகையில் ஸி மொக்தார் கண்கலங்கிப் பேசினார்: "எங்கள் அயராத வருகையால் மீண்டது உம்மு ரீஷ்!" அந்த வாசகம் பளிங்கில் பொறிக்கப்பட்டு, ஏரிக்குப் போக யாருக்கும் நேரமில்லாததால், மாளிகையின் சாப்பாட்டு அறையிலேயே பதிக்கப்பட்டது. மிகப் பொருத்தமான இடம்.

முன்வரிசையில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நுஸைபாவுக்கு இப்போது புதுப்பற்கள் முளைத்திருந்தன.

"பாபா, நீங்க போகாததனாலதானே வந்துச்சு?"

"ஆமாம்மா" என்றார் ஜெல்லூல். குழுவின் வரலாற்றில் சொல்லப்பட்ட அந்த ஒரே உண்மை எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மெஸ்ஊதா தன் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் பக்கத்து ஊர் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டுப் போய்விட்ட நேரத்தில், ஒரு சிறிய வண்டி அவள் பட்டியருகே வந்து நின்றது. ஜெல்லூல் இறங்கினார். டை இல்லை. அண்ணன் மந்தையில் அவருக்கென்று தகப்பனார் விட்டுப்போன பங்கு ஆடுகள் இருந்தன. அதில் காது வெட்டி அடையாளம் போடாத இளம்பெட்டைகளாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தார். எந்த மந்தை ஆடு என்று காதுகூடச் சாட்சி சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அது சாப்பாட்டுக்கு விலை ஆகிவிடும். அவள் அத்தனையையும் அவர் வாசலுக்கே ஓட்டிவந்து விட்டுப்போவாள். தின்ற அளவுக்கு இது ஈடாகாது என்று அவருக்குத் தெரியும். படைத்தவன் மீதியைப் பொறுத்துக்கொள்ளட்டும் என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் பட்டியின் படலைத் திறந்தார்.

நிம்ர் எழுந்து வந்தது. ஒவ்வோர் ஆட்டையும் முகர்ந்து, மிகுந்த பொறுப்போடு மஞ்சமூக்கியின் பக்கம் ஓட்டிச் சேர்த்தது. கடைசியாக ஜெல்லூலிடம் வந்தது. அவரும் பழக்கத்தில் பட்டிக்குள் போகத் திரும்பினார்.

நாய் அவரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு வாசலில் குறுக்கே நின்று பல்லைக் காட்டி, அவரை மட்டும் வெளியே தள்ளியது.

அத்தனை ஆய்விலும் ஆடு எது, ஆட்டைத் தின்றவன் யார் என்று சரியாகப் பிரித்தறிந்த நிபுணர் அது ஒன்றுதான்.