ஸ்டெப்னிக்கு ஒன்றரை ஜி.பி.

பயந்தவன் சோம்பேறியாக இருந்துவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை. நான் சுறுசுறுப்பான பயந்தாங்கொள்ளி. அதுதான் பிரச்சினை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பதினைந்து வருஷம் மூட்டை தூக்கிய பிறகு திருவொற்றியூரில் ஓர் எடைமேடையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை கிடைத்தது. துறைமுகம் போகும் டிரெய்லர்கள் எங்கள் மேடையில் ஏறி, கன்டெய்னருக்கு எடைச்சீட்டு வாங்கிக்கொண்டு போகும். எனக்கு வேலை பழக்கியவள் சகாயமேரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். அந்த லினக்ஸ் கம்ப்யூட்டரை அமைத்து வைத்ததும் அவள்தான். பிரசவ விடுப்பில் ராயபுரத்துக்குக் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "அண்ணே, நல்லா ஓடிக்கினு கீது. நீ எதையும் நோண்டாத."

நோண்டாமல்தான் இருந்திருப்பேன். ஒரு புதன்கிழமை கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. (மறுபடி நின்றால்? முதலாளி பார்த்தால்? திரும்பவும் மூட்டையா? முதுகு அப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது.)

இணையத்தில் தேடினேன். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது; எந்த வேலைக்கு எவ்வளவு நினைவகம் என்று பங்கு போட்டுத் தருவது அதுதான். அது திடீரென்று செத்தால் எழுந்துகொள்ள, இன்னொரு குட்டிக் கெர்னலை ஓரமாகப் படுக்க வைக்கலாமாம். அதற்கான இடத்தை பூட் ஆகும்போதே ஒதுக்கிவிட வேண்டும். 128 எம்.பி. போதும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. நான் படிக்கவில்லை. எனக்குத்தான் புரிந்துவிட்டதே, இது ஸ்டெப்னி!

நாள் முழுக்க லாரிகளோடு கிடப்பவன் நான். பெரிய டயருக்குச் சின்ன ஸ்டெப்னி வைத்துக்கொண்டு சுற்றும் டிரைவர் எங்கேயாவது உண்டா? மொத்தம் இருந்ததே 2 ஜி.பி. அதில் ஒன்றரை ஜி.பி.யைக் குட்டிக்கு என்று பூட் வரியில் எழுதினேன். சனிக்கிழமை காலை மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மறுபடி பூட் செய்தேன்.

திரை வந்தது. எடை புரோகிராமைத் திறந்தேன். திறந்தது, கொஞ்சம் விழித்தது, மூடிக்கொண்டது. இன்னொரு முறை திறந்தேன். இன்னொரு முறை மூடிக்கொண்டது. அணைத்துப் போட்டாலும் அதே கதை. வெளியே டிரெய்லர்கள் வரிசை கட்டிவிட்டன. பகல் ஒரு மணிக்குத் துறைமுக கேட் மூடிவிடும். அதற்குள் போகாத பெட்டி அன்றைக்குக் கப்பல் ஏறாது. ஏறாவிட்டால் என் நாற்காலியும் இருக்காது.

முதல் வண்டி டிரைவர் முனுசாமி ஜன்னலுக்குள் தலையை விட்டார். "இன்னா நைனா, எட போட்றியா, ஜோசியம் பாக்கிறியா?"

"ரெண்டே நிமிசம்ணே."

"இதயேதான் ஒரு மணி நேரமா சொல்லிக்கினு கீற!"

வேறு வழியில்லாமல் சகாயமேரிக்குப் போன் போட்டேன். எடுத்ததும் குழந்தை அலறல். அதற்கு மேலே அவள் குரல்.

"இன்னாண்ணே நோண்டன?"

"ஒண்ணும் நோண்டலம்மா."

"மாதா மேல சத்தியமா?"

ஒன்றரை ஜி.பி.யையும் ஒப்புக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. (தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்று அவள் அம்மா பிற்பாடு என்னைத் திட்டும்போது தெரிந்தது.)

"அது ஸ்டெப்னி இல்லண்ணே! எழுந்து வந்து வண்டி ஓட்டாது. மொதல்ல இருந்தது ஏன் செத்துச்சுன்னு எழுதி வெச்சிட்டுப் பூடும், அவ்ளோதான். நீ சாவு விசாரிக்க வர்றவனுக்கு முக்கா வூட்ட ஒயிச்சிக் குட்த்துட்டு, உயிரோட கீறவன வாசல்ல நிக்க வெச்சிகீற!"

அணைத்துப் போட்டு, மெனு வந்ததும் ஆங்கில 'இ'யைத் தட்டச் சொன்னாள். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு எழுத்தைத் தேடுவதற்குள் மெனு ஓடிப்போனது. முனுசாமி உள்ளே வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கி, என் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். "நீ ரெண்டு கையாலயும் தட்டு நைனா. போன நான் புட்ச்சிக்கிறேன்." அடுத்த முறை தட்டினேன். சகாயமேரி சொல்லச் சொல்ல, எழுதியிருந்ததை அழித்து 128 என்று அடித்தேன். எடை புரோகிராம் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

கடைசி டிரெய்லர் கிளம்பும்போது மணி பன்னிரண்டு இருபது. ஒரு பெட்டிகூடத் தவறவில்லை.

வரிசை நின்ற செய்தி முதலாளிக்குப் போய், அவர் சகாயமேரியைக் கேட்டிருக்கிறார். "ஒரு செட்டிங் மாத்த வேண்டியிருந்துச்சு சார். நான் சொல்லித்தான் அண்ணன் செஞ்சாரு" என்றாளாம். பொய்யும் இல்லை. இன்றும் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவளுடைய அந்த ஒரு பதிலின் மேல்தான்.

வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்குப் பை கட்டும்போது மாத்திரை, டார்ச், கயிறு என்று நான் அடுக்குவேன். என் மனைவி ஆரோக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். "சாவு விசாரிக்க வர்றவனுக்கு முக்கா பையா? 128 போதும், மீதிய வெளிய எடு." எடுப்பேன். அந்த இடத்தில் அவளுடைய புடவைகள் போய் உட்காரும்.

கோயிலில் சகாயமேரிக்கு ஒரு மெழுகுவத்தி, முனுசாமிக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறேன். போன வருஷம் மூன்றாவதாக ஒன்றும் வாங்கினேன்.

"இது யாருக்கு?" என்றாள் ஆரோக்கியம்.

"காத்துல ஒண்ணு அணைஞ்சிட்டா?"

மெழுகுவத்தியை வாங்கிக் கையில் எடை பார்த்தாள். "சரி, இது 128க்குள்ள வருது. வெச்சிக்க."