மூடி திறக்கும் வேலை

அன்பு மைத்துனனுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். நீ நலமாகத்தான் இருப்பாய். பிறர் வீட்டில் கலகம் மூட்டியவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

உன் அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்ததும், பிசியோதெரபிஸ்ட் என்ற உரிமையில் அவள் தொடையில் பட்டை கட்டினாயே, அன்றே எனக்கு உறுத்தியது. "கனமா தூக்கினா முட்டி தாங்காது மாமா. பட்டையை அளவா இறுக்கினா இதயத்துக்குத் திரும்பிப் போற ரத்தம் மெதுவாகும். ஒரு கிலோ தூக்கினாலே பெரிய எடை தூக்கினதா தசை நம்பிடும்" என்றாய். இல்லாததை இருப்பதாக நம்பவைப்பது உங்கள் குடும்பக் கலை. கல்யாணப் பேச்சின்போதே பார்த்தவன் நான். கால் தேறியது, சரி. அதோடு விட்டாயா? கைக்கும் ஒரு ஜோடி கொடுத்தாய். இப்போது அலமாரியைத் தனியாக நகர்த்துகிறாள். அதுகூடப் போகட்டும். இந்த வீட்டில் சம்பாதிப்பது அவள், கார் ஓட்டுவது அவள், பிள்ளைகள் போனில் கேட்பதும் அவளைத்தான். எனக்கென்று இருந்தது மூடி திறக்கும் வேலை ஒன்றுதான். "என்னங்க, இதைக் கொஞ்சம் திறங்க" என்றால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போவேன். நேற்றுச் சமையலறையில் ஜாம் பாட்டில் 'டப்' என்றது. என்னை யாரும் கூப்பிடவில்லை. இனி எதற்குத்தான் என்னைத் தேடுவாள்?

போட்டிக்கு நானும் இடுப்பு பெல்ட்டைக் கையில் கட்டித் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினேன். விரல்கள் கத்தரிக்காய் நிறமாயின, கொக்கி சிக்கிக்கொண்டது, கை போயே போய்விட்டது என்று "ஏய், சீக்கிரம் வா, கை செத்துடுச்சு!" என்று அலறினேன். ஓடிவந்து ஒரே இழுப்பில் கழற்றினாள். "எவ்வளவு இறுக்கணும்னு தம்பி அளந்துல்ல கட்டுறான்? உங்களுக்கு எதுக்குங்க இந்த வீரம்?" என்றாள். கழற்றியதும் அவளே! என் நிலைமையை யோசித்துப் பார்.

ஆகவே பட்டைகளை உடனே திரும்ப வாங்கிக்கொள். உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உனக்கு, உன் தகுதிக்கேற்ப.

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசைப் புட்டியை எடுத்தேன். மூடி காய்ந்து இறுகியிருந்தது. நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்து அவள் வாங்கி, எனக்கு முதுகைக் காட்டித் திருகினாள். 'டப்' என்று தெளிவாகக் கேட்டது. பிறகு திரும்பி, "எனக்கு வரலைங்க, நீங்களே பாருங்க" என்று நீட்டினாள். திறந்தேன். "உங்க கைக்குத்தான் வருது" என்றாள்.

பட்டைகள் இங்கேயே இருக்கட்டும். எழுதியதை வீணாக்கும் பழக்கம் எனக்கில்லை என்பதால் தபாலில் சேர்க்கிறேன். கையெழுத்து மட்டும் போடப்போவதில்லை.