கருப்பட்டி கார்ன்பிளேக்ஸ் ஏலம் போன கதை

கர்த்தருக்குள் பிரியமான மச்சினன் ஜாஸ்பருக்கு,

ஆரல்வாய்மொழியிலிருந்து அத்தான் ராஜையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவகிருபையால் நானும் உன் அக்காள் ஞானபாயும் சுகமாயிருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் பிரீனாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது அத்தான் எதற்குத் தாளில் எழுதுகிறார் என்று நினைப்பாய். வெற்றியைத் தாளில்தான் எழுத வேண்டும், மக்கா. உன் அக்காளை ஜெயித்துவிட்டேன். இனிமேல் கார்ன்பிளேக்ஸ் பெட்டி ஒன்றுகூட எனக்கு அனுப்ப வேண்டாம்.

அந்தப் பண்டத்தின் மேல் எனக்குள்ள பிரியம் உனக்குத் தெரியாததல்ல. அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் டிரைவராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா மிச்சமிருந்த கார்ன்பிளேக்ஸை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கருக்கு முருக்கென்று கடித்த வாய்க்கு அதற்கப்புறம் புட்டும் பயறும் தண்டனையாகவே இருந்தது. ரிட்டயர்டு ஆனபிறகு உன் பெட்டிகளை நம்பித்தான் விடிந்தது. அதிலும் மண் விழுந்தது. போன பெட்டியின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்த உன் அக்காள், "எவ்வளவு சீனி கெடக்கு பாத்தீங்களா? சுகர் மாத்திரையும் தின்னுகிட்டு இதயும் தின்னா வெளங்குமா?" என்று மொத்தத்தையும் கோழிக்குப் போட்டுவிட்டாள். என் கண் முன்னாலேயே, ஜாஸ்பர்!

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏட்டி, நானே வீட்டுல செய்வேன், பாத்துக்க" என்றேன். அவள் சிரித்தாள். "செய்யுங்க. செஞ்சத நம்ம கோயில் அறுப்பின் பண்டிகையில காணிக்கையா குடுத்து ஏலத்துல வையுங்க. ஒரு ஆளாவது காசு குடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனா, சாவுற காலம் வரை அதையே தின்னுங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா புட்டுதான்." சரி என்று கையடித்தேன்.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைக் கேள். மக்காச்சோளத்தை அவித்து அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன், அது தெறித்துப்போய் சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவில் உன் அக்காள் முகத்தில் ஒட்டிக்கொண்டது, அதற்கு ஒரு சண்டை. சரியென்று சோளமாவைக் கூழாகக் காய்ச்சி வற்றல் போடுகிறாற்போல மொட்டைமாடியில் வேட்டி விரித்து மெல்லிசாகத் தேய்த்துக் காயவிட்டேன், நம்ம ஊர்க் காற்றுதான் உனக்குத் தெரியுமே, காற்றாலையைச் சுழற்றுகிற காற்றுக்கு என் கார்ன்பிளேக்ஸ் எம்மாத்திரம், அத்தனையும் பறந்து பக்கத்து வீட்டு முத்துநாயகத்தின் முற்றத்தில் போய் விழுந்தது. அவர் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து, "ஓய் ராஜையன், உம்ம வீட்டுச் சொவரு பேந்து பறக்குது வேய், ஆளக் கூப்பிட்டுப் பூசும்" என்கிறார். விடுவேனா? கொசுவலையைக் கட்டி அதற்குள் காயவைத்தேன். கருப்பட்டிப் பாகு கொஞ்சமே கொஞ்சம் புரட்டி, இரும்புச்சட்டியில் வறுத்து எடுத்தேன் பார், பொன் நிறம்! பாலை ஊற்றிவைத்துவிட்டு, குளித்து, பேப்பர் முழுவதும் படித்து முடித்து வந்து பார்த்தேன். ஒன்றுகூட ஊறவில்லை. கடைப் பெட்டியில் இந்தத் தரம் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஏலம். ஏலம் விட்டவர் முத்துநாயகம்தான். எடுத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆலயத்துக்கே திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் ஏலம் விடுவார்கள், அது நம் சபையில் எவ்வளவு மரியாதை என்று உனக்குத் தெரியும். பலாப்பழத்தை எடுத்தவன் தூக்கிக்கொண்டு போனான். சேவலை எடுத்தவனும் போனான். என் டப்பாவுக்குத்தான் அந்த மரியாதை. பிளஸ்ஸி டீச்சர் எடுத்தார், ஒன்றை வாயில் போட்டார், கண் கலங்கிவிட்டது, உடனே "ஆலயத்துக்கே" என்று திருப்பித் தந்தார். போதகர் எடுத்தார், கடித்தார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார், அவரும் ஆலயத்துக்கே. எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஆனால் பயமும் பிடித்துக்கொண்டது. எல்லாரும் இப்படிப் பக்தியைக் காட்டினால் வீட்டுக்குக் கொண்டுபோவது யார்? இருப்புக்கொள்ளாமல் எழுந்து பிரியாணிப் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் முத்துநாயகம் வந்து, "உம்ம டப்பாவ ஒரு ஆளு வீட்டுக்குக் கொண்டுபோயாச்சு வேய். பேரு சொல்லக் கூடாதாம்" என்றார். இலையை விட்டு எழுந்து நின்று அல்லேலூயா சொன்னேன், மக்கா! உன் அக்காளும் "சரி, தோத்துட்டேன்" என்றாள்.

பிரீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். உன் வேலையையும் வீட்டையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

வெற்றி பெற்ற அத்தான்,
ராஜையன்

பி.கு.: கடிதத்தை நேற்று ஒட்டாமல் வைத்தது நல்லதாய்ப் போயிற்று. இன்று காலையில் சாப்பிட உட்கார்ந்தால், மேஜைமேல் பாலும் பக்கத்தில் என் டப்பாவும். "நாந்தான் எடுத்தேன்" என்கிறாள் உன் அக்காள். "ஆளாளுக்குத் திருப்பிக் குடுக்காங்க, நீங்க மொகம் வாடி எந்திரிச்சுப் போறீங்க. எனக்குச் சகிக்கல." எனக்காகவே எடுத்திருக்கிறாள், ஜாஸ்பர்! அந்த வேகத்தில் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்தேன். கடைவாய்ப்பல் போய்விட்டது. மிச்சத்தைக் கோழிக்குப் போட்டேன், கொத்திப் பார்த்துவிட்டு அதுவும் நடையைக் கட்டிவிட்டது. அடுக்களையில் புட்டு மணக்கிறது. கேட்டால், "பந்தயத்துல ஜெயிச்ச ஆளுக்குப் புட்டு கெடையாது" என்கிறாள். நீ ஒரு போன் போட்டு, அத்தானுக்கு ஒரு குழல் புட்டாவது கொடு என்று சொல்லு, மக்கா.